காளவாசலில் எடுத்த தீ

மாரித்தாய் கண்ணாடிச் சில்லைப் பார்த்துக் குங்குமம் வைத்துக்கொண்டாள். பொட்டு கோணிவிட்டது.

பாயில் புருஷன் கொம்பையா கிடந்தார். விடியலில் வெந்நீர் கொடுக்க எழுப்பியபோதே உடம்பு சில்லிட்டிருந்தது. கண்களை மூடி, போர்வையை மார்புவரை இழுத்துவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்தாள். தூங்குகிறவர் மாதிரித்தான் இருந்தார்.

"அய்யாவை எழுப்பாத தாயி, பக்கத்து வீட்டுல போயி விளையாடு" என்று மகளை அனுப்பிவிட்டாள்.

இப்போது அழுதால் தெரு கூடிவிடும். எழவு வீட்டில் அடுப்பே மூட்டமாட்டார்கள். சுண்ணாம்புக் கல் சுடும் காளவாசலுக்குத் தீ வைப்பதென்றால் பதினாறாம் நாள் காரியம் கழியவேண்டும். அதுவரை நகரசபை காத்திருக்காது.

தெருக்களில் இனிச் சுண்ணாம்புக் காளவாசல் போடக்கூடாது என்று போன வருஷம் சட்டம் வந்திருந்தது. முன்பே இருப்பதை எரித்துக்கொள்ளலாம். ஆறு மாதம் தொடர்ந்து குளிர்ந்து கிடந்தால் அந்த உரிமை போய்விடும். ஐப்பசி மழையில் நெஞ்சுச் சளியோடு படுத்த கொம்பையா, இந்த மாதம் எழுந்துவிடுவேன், அடுத்த மாதம் எழுந்துவிடுவேன் என்றே பங்குனியைக் கடத்திவிட்டார். இன்றோடு கெடு முடிகிறது. அவளுக்கும் மகளுக்கும் கஞ்சி அந்தக் காளவாசல்தான். நேற்றுத்தான் அவளும் கொழுந்தன் மாடக்கண்ணுவும் கல்லும் விறகும் மாற்றி மாற்றி அடுக்கி முடித்திருந்தார்கள்.

வெளியே மாடக்கண்ணுவின் குரல் கேட்டது.

"என்ன மைனி, அண்ணன் இன்னும் எந்திரிக்கலியா? நாந்தான் தீ வைப்பேன்னு நேத்து அந்தச் சவடால் அடிச்சாரு!"

"ராத்திரி பூரா இருமல். இப்பதான் கண்ணசந்தாவ."

"நல்லா தூங்கட்டும். கல்லு சுமக்கத்தான் நான் ஒரு கழுதை இருக்கேன்லா."

அவள் சிரித்தாள். சிரிக்க முடிந்தது.

"அப்ப தீய யாரு வைக்க?"

"நான் வைக்கேன்."

பனையோலைப் பந்தத்தோடு காளவாசலின் வாயருகே குனிந்தாள். கல்யாணமான புதிதில், பந்தம் பிடித்த தன் கையின்மேல் அவள் கையையும் வைக்கச் சொல்வார். "நீ தொட்டாத்தாம்ட்டி கல்லு வெள்ளையா வேகும்" என்பார். இன்று பந்தம் கனமாக இருந்தது. சுள்ளி பற்றியது. புகை முகத்தில் அடித்ததும் கண்ணில் நீர் வந்தது. அது ஏன் என்று யாரும் கேட்கமுடியாது.

மத்தியானம் நகரசபை மேஸ்திரி ஜெபசீலன் குடையோடு வந்து காளவாசலைச் சுற்றிப் பார்த்தார்.

"பொகையுது. சரிதான். ஆனா ஒப்புக்குப் பொகை காட்டினா ஆகாது. கல்லு வெந்து சுண்ணாம்பு எறக்குறதையும் வந்து பாப்பேன். அண்ணாச்சி எங்க?"

"மேலுக்குச் சொகமில்ல. படுத்திருக்காவ."

"ஒரு வார்த்தை பேசிட்டுப் போறேன்" என்று அவர் வாசலில் கால் வைத்தார்.

"கிட்ட போகாதீய அய்யா. நெஞ்சு பூரா சளி. வைத்தியர் ஒருத்தரையும் அண்டவிடக்கூடாதுன்னிருக்காரு."

ஜெபசீலன் காலை எடுத்துக்கொண்டார். "எறக்கியாச்சுன்னா அப்பறம் ஒருத்தனும் ஒங்கள ஒண்ணும் கேக்கமுடியாது. அண்ணாச்சிகிட்ட சொல்லிருங்க."

"சொல்லுதேன்."

குடை தெருமுனை திரும்பியதும் உள்ளே போய் அவர் காதருகே உட்கார்ந்தாள். "காளவாசல் நமக்குத்தானாம்" என்றாள். அதற்குப் பிறகுதான் அவள் குரல் தெருவுக்குக் கேட்டது.

முதலில் ஓடிவந்தவன் மாடக்கண்ணு. அண்ணன் கையைத் தூக்கப் பார்த்தான். அது கட்டைபோல விறைத்திருந்தது. அவளைத் திரும்பிப் பார்த்தான். குங்குமம் வியர்வையில் கரைந்து மூக்குவரை இறங்கியிருந்தது.

"எப்ப மைனி?"

அவள் போர்வையை இழுத்து அந்தக் கையை மூடினாள். அவன் எழுந்து வெளியே போனான். அதன்பிறகு அவளிடம் பேசவில்லை.

சாயங்காலத்துக்குள் சனம் நிறைந்துவிட்டது. கொம்பையாவுக்குச் சித்தப்பா முறையான பரமசிவன் வந்ததும் வராததுமாகச் சத்தம் போட்டார்.

"எழவு வீட்டுல என்னலே இது பொகை? அவன் கெடக்குதான், இங்கன யாவாரம் நடக்குதோ?"

"புருசன் செத்த அன்னைக்கு எந்தப் பொம்பளைக்கு இப்பிடி மனசு வரும்?" என்று ஒருத்தி அவள் காதுபடவே சொன்னாள்.

"ரெண்டு கொடம் தண்ணிய ஊத்தி அணைங்கலே!"

ஒருவன் குடத்தைத் தூக்கினான். தண்ணீர் பட்டால் அரைவேக்காட்டுக் கல் பாழ். மறுபடி அடுக்க விறகுமில்லை, கெடுவுமில்லை. கொம்பையாவின் தலைமாட்டில் இருந்த மாரித்தாய் வாசல் வழியே மாடக்கண்ணுவை மட்டும் பார்த்தாள். அவன் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு நின்றான். கொள்ளி வைக்கவேண்டியவன் அவன்தான்.

சாவுச் சடங்கு செய்யும் குடிமகன் புதுச் சட்டியில் காய்ந்த சாண எருவாட்டியைப் போட்டுவிட்டு, "கொள்ளிக்கு நெருப்பு வேணுமே, அடுத்த வீட்டுல வாங்குவமா?" என்று கேட்டான்.

மாடக்கண்ணு சட்டியைக் கையில் எடுத்தான். நேராகக் காளவாசலுக்குப் போனான். குடத்தோடு நின்றவனைத் தோளால் விலக்கிவிட்டு, குனிந்து, கம்பியால் கங்குகளை இழுத்துச் சட்டியில் போட்டான்.

"என்னலே செய்யுத?" என்றார் பரமசிவன்.

"அண்ணனுக்கு நெருப்பு இங்கனதான் எடுக்கணும் சித்தப்பா. கொள்ளிக்கு எடுத்த தீய அணைக்கலாமா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். தூக்கியவன் குடத்தைக் கீழே வைத்தான்.

பாடை ஆற்றுப் பக்கம் திரும்பியது. பெண்கள் தெருமுனையோடு நின்று, தலை முழுகக் கிளம்பினார்கள். மாரித்தாய் ஈரச் சேலையோடு திரும்பிவந்தபோது வாசலில் யாரும் இல்லை. காளவாசலின் வாயில் ஒரு விறகு பாதி எரிந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து அதை உள்ளே தள்ளினாள்.