எழுபது வருஷத்து வெயில்

மலை உச்சி நிலையத்தில் ஒரு கண்ணாடிக் குண்டு. அது வெயிலைக் குவித்து, தினம் ஒன்றாக மாற்றும் அட்டையில் கருக்கிவிடும் கோட்டின் நீளம்தான் அன்றைய வெயில் நேரம். எழுபது வருஷம் இப்படித்தான் கணக்கு. பழைய பதிவேட்டின் மாத மொத்தங்களை வைத்து, அந்த மலையில் விழுந்த வெயிலின் வரலாற்றை ஆராய்ச்சி மாணவி இல்டா திரும்பக் கட்டியிருந்தாள். நாலு வருஷ உழைப்பு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றிலிருந்து எழுபத்து நாலு வரை வெயில் சடாரென்று குறைந்திருந்தது. மற்ற ஊர்களிலும் கொஞ்சம் குறைந்ததுதான். ஆனால் இவ்வளவு இல்லை. நாளைக் காலை லிஸ்பன் மாநாட்டில் அதைப் பற்றித்தான் அவள் பேச்சு.

இன்று பார்த்தா அந்த வருஷங்களில் கருகிய அட்டைகளை அடுக்கிவைத்த பாழாய்ப்போன பெட்டிகள் நிலையத்துப் பரணிலிருந்து கிடைத்துத் தொலைக்க வேண்டும்! சும்மா இருந்திருக்கலாம். அவளால் முடியவில்லை. ஒரு மாதத்து அட்டைகளை எண்ணினாள். இருபத்தாறு. அடுத்த மாதம், இருபத்தேழு. மேகம் மூடிய நாளுக்குக்கூடக் கருகாத அட்டை இருந்தது. தேதிகளைக் காலண்டரோடு ஒப்பிட்டாள். வியாழக்கிழமை அட்டை ஒன்றுகூட இல்லை.

அந்த வருஷங்களில் அட்டை மாற்றிய அபீலியோ இன்னும் அடிவாரத்தில்தான் இருந்தார். எண்பத்தெட்டு வயது. இல்டா போனபோது கொல்லையில் முட்டைக்கோசுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, வியாழக்கிழமை அட்டையெல்லாம் எங்கே?"

"வியாழக்கிழமை சந்தையாச்சே, பொண்ணே! அறுபத்தொண்ணுல என் பெஞ்சாதி இடுப்பு ஒடிஞ்சு படுத்தப்புறம், எழுபத்து நாலுல வேலையை விடற வரைக்கும் ஆட்டுப்பால் சீஸை நான்தானே கொண்டுபோய் வித்தேன்?"

"முந்தின நாள் சாயங்காலமே அட்டையைச் செருகிட்டுப் போயிருக்கலாமே?"

"குண்டைத் தனியா விட்டுட்டா? காணாமப்போனா உன் சம்பளத்துல பிடிப்பேன்னு மேலதிகாரி மிரட்டி வச்சிருந்தான். புதன்கிழமை பொழுது சாஞ்சதும் குண்டைப் பெட்டில வச்சுப் பூட்டிடுவேன்."

"அப்போ அந்த நாளுக்கு என்ன எழுதினீங்க?"

"ஒண்ணும் எழுதலை. இருக்கற அட்டையைக் கூட்டி மொத்தம் போட்டேன். பாக்காத வெயிலை எழுத நான் என்ன திருடனா?"

ஏழில் ஒரு பங்கு. இல்டா மனசுக்குள் போட்டுப் பார்த்தாள். அவள் கண்டுபிடித்த சரிவும் ஏறக்குறைய அவ்வளவுதான். கடவுளே, நாலு வருஷம்! தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னாள்.

அபீலியோ விழுந்து விழுந்து சிரித்தார். "நான் சந்தைக்குப் போனதுக்கா மலையே இருட்டிப்போச்சுன்னு எழுதிட்டே?" அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "என் பேரைப் போடுவியா?"

"உங்க மேல தப்பில்லை ஐயா. மொத்தத்தை மட்டும் பாத்த நான்தான் முட்டாள்."

கைபேசி அடித்தது. அவளுடைய பேராசிரியர் வாஸ்கு. "இல்டா, பத்திரிகைக்காரங்க முன்வரிசையில இடம் கேக்கறாங்கம்மா. எல்லாம் சரிதானே?"

சரி என்று ஒரே சொல் போதும். பெட்டிகளைத் திரும்பப் பரணில் ஏற்றிவிட்டால் இன்னும் ஐம்பது வருஷத்துக்கு எவனும் திறக்கப்போவதில்லை. கிழவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெயில் குறையலை, புரொபசர்," என்றாள். "வியாழக்கிழமைதான் குறைஞ்சுது."