வெற்றி விட்டுப்போன வேலை

ஆக்லாந்தின் ஈஸ்ட் டாமாக்கிப் பகுதியில் உணவுப்பொருள் கிடங்கொன்றில் ஆறு வருடமாகப் பெட்டிகளை ஸ்கேன் செய்துகொண்டிருந்தாள் வசந்தமலர். அதற்குமுன் கொழும்பில் எட்டு வருடம் புரோகிராமராக இருந்தவள். ஆக்லாந்து வந்து அவள் அனுப்பிய விண்ணப்பங்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் வந்தது: உள்ளூர் அனுபவம் இல்லை.

கிடங்கின் கணினி வேலைகளைக் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்று அங்கிருந்தபடியே பார்த்தது. ஸ்கேனர்கள் நின்றுபோனால் வசந்தமலர்தான் அங்கு வேலைபார்த்த வெற்றி என்ற இளைஞனை அழைப்பாள். ஒருநாள் பேச்சோடு பேச்சாக அவன் சொன்னான்: "நான் இன்னும் ரெண்டு வாரந்தானுங்க அக்கா. வேற கம்பெனில சம்பளம் டபுளா தர்றாங்க."

"உங்கட இடத்துக்கு ஆர் வருவினம்?"

"ஆளே கிடைக்கலீங்க. எங்க டீம்ல அஞ்சு பேர்ல ரெண்டு பேரு ஏற்கனவே போயாச்சு, நான் மூணாவது. வேலை தெரிஞ்சவங்கள ஆளாளுக்கு இழுக்கறாங்க."

அன்றே கிடங்கின் ஐடி மேலாளர் மனோஜிடம் போனாள். அவர் திருச்சிக்காரர், அவளைவிடப் பத்து வயது இளையவர். கிடங்கு கொடுக்கும் கட்டணத்தை ஒன்றரை மடங்காக்குகிறோம் என்று சொல்லியும் கோயம்புத்தூர் நிறுவனத்தால் வெற்றியைப் பிடித்துவைக்க முடியவில்லையே என்று அவளிடம் புலம்பினார். தினமும் தன் ஷிப்ட் முடிந்தபின் வெற்றியிடம் எல்லாவற்றையும் கற்றுக்கொள்ள அனுமதி கேட்டாள். "தாராளமா" என்றார், பெரிய நம்பிக்கை இல்லாமல்.

பத்து மாலைகள் கேண்டீன் மூலையில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டாள். மறந்ததெல்லாம் மெல்லத் திரும்பியது. புதியதை வீடு திரும்பும் ஏவன்டேல் ரயிலில் படித்தாள். "விடமாட்டீங்க போலிருக்கே" என்று வெற்றி சிரித்தான்.

அவன் போன நாலாம் நாள் எல்லா ஸ்கேனர்களும் நின்றன. வாசலில் ஒன்பது லாரிகள். வசந்தமலர் நாற்பது நிமிடத்தில் சரிசெய்தாள்.

"ரொம்ப தேங்க்ஸ்க்கா" என்றார் மனோஜ். "ஸ்கேனிங்கோட இதையும் பார்த்துக்கோங்க. மணிக்கு ரெண்டு டாலர் கூட்டித் தரச் சொல்றேன்."

அவளுக்கு முகம் சுட்டது. "அப்பிடி ஏலாது, மனோஜ். கோயம்புத்தூருக்குக் கூட்டிக் குடுக்க இருந்த காசை எனக்குத் தாங்கோ. புரோகிராமர் எண்டு கடிதமும் வேணும்."

"மேல ஒத்துக்க மாட்டாங்கக்கா. உங்களுக்கு லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ்..."

"இண்டைக்கு நான் செய்தது எந்த ஊர் அனுபவம்?"

இரண்டு நாள் கழித்து ஸ்கேனர்கள் மறுபடியும் நின்றன. மனோஜ் ஓடிவந்தார். வசந்தமலர் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. இருக்கிற வேலையும் போய்விட்டால் வாடகைக்கு எங்கே போவது என்று பயந்தாள். ஆனாலும் குரல் தடுமாறவில்லை. "கடிதம் வரட்டும், வாறன்."

கோயம்புத்தூரில் மிஞ்சியிருந்த இருவரும் மூன்று மணிநேரம் திணறிப் பார்த்துக் கைவிட்டார்கள். நாலு மணிக்கு மனோஜ் கடிதத்தோடு வந்தார். சம்பளம் கேட்டபடியே இருந்தது. பதவி மட்டும் 'உதவியாளர்' என்றிருந்தது. வசந்தமலர் பேனா வாங்கி அதை அடித்துவிட்டு, 'புரோகிராமர்' என்று எழுதி நீட்டினாள்.

மனோஜ் திருத்தத்தின் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஐந்தேகாலுக்கு முதல் லாரி புறப்பட்டது.