ஆறு மணிவரை மௌனம்

அலுவலகத்துக்குச் செய்தி சொல்ல எண் தேடித்தான் அண்ணனின் மடிக்கணினியைத் திறந்தாள். அவனுடைய அடக்கம் முடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. திரையில் ஓர் அறிவிப்பு காத்திருந்தது. அனுப்பியவன் பங்காளி.

கூட வேலை பார்த்த நண்பனை அண்ணன் அப்படித்தான் கூப்பிடுவான். யுனிக்ஸ் என்ற கணினி இயங்குதளத்துக்காக யாரோ எழுதிப் பொதுவில் வைத்த, கோப்புகளைப் பத்திரப்படுத்தும் மென்பொருளை வேறோர் இயங்குதளத்தில் ஓட வைப்பதில் அண்ணனுக்குப் பன்னிரண்டு வருடம் போனது. “வீடு மாத்துற வேலைதான். அங்க இருந்த அடுப்படி இங்க இருக்காது. முட்டிக்காம பாத்துக்கணும்” என்று சிரிப்பான். அப்படி எழுதிய நிரல் கோப்பின் முதல் வரியில் இருந்த அண்ணனின் பெயரை அழித்துத் தன் பெயரைப் போட்டு, அதைக் காட்டியே பெரிய வேலைக்குப் போனவன் பங்காளி. அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள்தான் ஆறு வருடமாக மறக்கவில்லை.

பெயர் போனாலும் பராமரிக்கும் பொறுப்பு அண்ணனிடமே இருந்தது. யார் எதைத் திருத்தினாலும் அவன் பார்த்துச் சொல்ல வேண்டும். பதினான்கு நாள் பதில் வராவிட்டால் சம்மதம் என்று கொள்ளப்பட்டுத் திருத்தம் தானாக வெளியே போய்விடும். பங்காளியின் திருத்தத்துக்கு இன்று மாலை ஆறு மணியோடு கெடு.

அதன் கீழே அண்ணன் எழுதி, அனுப்பாமல் விட்ட பதில் இருந்தது: ‘நாற்பதாம் வரியைப் பார். யுனிக்ஸில் அங்கே ஒரு கோப்புறையின் பெயர் இருக்கும், இங்கே காலி. இதை ஓட்டுகிறவர்களின் கோப்புகளெல்லாம் அழிந்துவிடும். சரிசெய்து இணைத்திருக்கிறேன். யாருக்கும் தெரியாமல் உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன்.’

அவள் ஒன்றுமே செய்ய வேண்டாம். மூடி வைத்தால் போதும். நாளைக்கு எல்லோரும் அவன் பெயரைச் சொல்லித் திட்டுவார்கள். ஆண்டவனே கையில் கொண்டுவந்து கொடுத்தது போலிருந்தது. மூடினாள்.

கூடத்தில் பங்காளி தனியே உட்கார்ந்திருந்தான். தேநீரைக் கொடுத்தாள்.

“ஒண்ணு அனுப்பியிருந்தேம்மா. பதிலே போடல. கோவம்னு நெனச்சேன். இவ்ளோ முடியாம இருக்கான்னு தெரியாது.”

“வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

அவன் தலை கவிழ்ந்தது. “அதப் பத்தி ஏதாவது சொன்னானா?”

“ஒண்ணும் சொல்லல.”

பொய் இனித்தது. மணி ஐந்தரை.

அவன் வலது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இடது கையால் டம்ளரைக் கீழே வைக்கத் தடுமாறினான். அவளுக்கு அண்ணனின் ஞாபகம் வந்தது: அன்று மருத்துவமனையில் அவன் வலது கையில் ஊசி ஏறியிருந்தது. இடது கையால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தான். “யாருக்கு இப்ப இவ்ளோ அவசரம்?” என்று அவள்தான் கணினியைப் பிடுங்கி மூடினாள். “பங்காளிக்குத்தான். மானம் போயிடும், பாவம்” என்றான்.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் மீதமிருக்கும்போது வாசல் பக்கம் போனவள் திரும்பி வந்தாள்.

“உள்ள வாங்க.”

அண்ணனின் நாற்காலியில் அவனை உட்கார வைத்துக் கணினியைத் திறந்தாள். “படிங்க.”

படித்தான். மறுபடி படித்தான். “ஒண்ணும் சொல்லலன்னியேம்மா?”

“பொய் சொன்னேன். நீங்க அசிங்கப்படணும்னு ஆசையா இருந்துச்சு. இப்பவும் இருக்கு. அனுப்புங்க, உங்க கையாலயே.”

அவன் அனுப்பினான். எழுந்திருக்கவில்லை. கோப்பின் முதல் வரிக்குப் போனான். அங்கே அண்ணனின் பெயர் இருந்த இடத்தில் அவன் பெயர் இருந்தது.

அவள் அடுப்படிக்கு வந்து குழாயைத் திறந்து டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தாள். அறையிலிருந்து விசைகளின் சத்தம் கேட்டது. ஒவ்வோர் எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி.

குழாயை மூடினாள்.