ஈரச் சடை

நாற்பத்து நான்கு வயதில் சடை போட்டுக்கொள்ளும் ஆசை ஏசி மெக்கானிக்குக்கு ஏன் வந்தது என்று அவருக்கே தெரியாது. முன்நெற்றி ஏறிக்கொண்டே போவதைப் பார்த்து, இருக்கிற முடியையாவது நாலு பேர் பார்க்கிற மாதிரி வைத்துக்கொள்வோம் என்று தோன்றியிருக்கலாம். ஒரு சனிக்கிழமை முழுக்க சலூனில் உட்கார்ந்து, கயிறு கயிறாய் முறுக்கிய முப்பத்தாறு சடைகளோடு வீடு திரும்பினார். கண்ணாடியில் தன்னைப் பார்த்து மேடைப் பாடகர் என்று நினைத்துக்கொண்டார். மனைவி, "தரை துடைக்கிற மாப்பு மாதிரி இருக்குங்க" என்றாள்.

சடை போட்டுவிட்ட பெண் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "புதுச் சடை பச்சைப் புள்ள மாதிரி. எண்ணெய் வைக்கக் கூடாது. மூணு வாரம் கழிச்சுத் தலைக்குக் குளிங்க. உள்ள வரைக்கும் காயணும். ஈரத்தோட மட்டும் கட்டிறாதீங்க."

ஈரத்தைப் பற்றித் தனக்கே பாடமா என்று மெக்கானிக்குக்கு உள்ளுக்குள் சிரிப்பு.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்தார். மேலே தொட்டுப் பார்த்தார், காய்ந்த மாதிரி இருந்தது. இறுக்கி முடிந்து தொப்பியை மாட்டினார். இரண்டு நாள் கழற்றவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் ஏசி ஒழுகுகிறது என்று கூப்பிட்டார்கள். அவர் ஏணியில் ஏறி மூடியைக் கழற்றியதும் வரவேற்பு மேசைப் பெண் மூக்கைப் பொத்தினாள்.

"அண்ணே, ஏதோ நாறுது. ஈரத்துணிய மூட்டை கட்டி வச்ச மாதிரி."

"ஈரம் நின்னா பூஞ்சை பிடிக்கும்மா. ஒழுங்காப் பராமரிக்கலேன்னா இப்படித்தான்" என்று ஏணியிலிருந்தே பிரசங்கம் செய்தார்.

ஏசிக்குள் தண்ணீர் சேரும் தட்டைக் கழுவினார். நாற்றம் போகவில்லை. குழாயை ஊதினார், வடிகட்டியைத் தேய்த்தார். காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வாசல் பக்கத்து நாற்காலிகளுக்கு நகர்ந்தார்கள். புதுக் குழாய் எடுக்க அவர் வண்டிக்குப் போன நேரத்தில், "இப்பப் போயிருச்சு டாக்டர்" என்று உள்ளே குரல் கேட்டது. பெருமையோடு திரும்பி வந்தார்.

"திரும்ப வந்துருச்சு" என்றாள் அந்தப் பெண்.

டாக்டரம்மா ஏணியருகே வந்து முகக்கவசத்தை இறக்கி மூச்சை இழுத்தார். உடனே ஏற்றிக்கொண்டார். "மெஷின்ல ஒண்ணும் இல்லைங்க" என்றார் மெதுவாக.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனைக் கேள்விப்பட்டிருக்கிறோம். தலையில் நாற்றத்தை வைத்துக்கொண்டு அடுத்தவர் மெஷினைப் பிரித்துப் போட்டவர் இவர் ஒருவர்தான். தொப்பியைக் கழற்ற வேண்டிய அவசியம்கூட இல்லை.

"ஏசி சரியாயிருச்சு டாக்டர்" என்றார். "ரிப்பேர் எனக்குத்தான்."

நேரே சலூனுக்குப் போனார். சடை போட்டுவிட்ட பெண் திட்டவே இல்லை, அதுதான் சுட்டது. வினிகர் கலந்த தண்ணீரில் சடைகளை ஊறவைத்து, இரண்டு முறை அலசி, ஒவ்வொன்றாகப் பிழிந்து உலர்த்தினாள்.

"வெட்டிரலாமா?" என்று கேட்டார்.

"எதுக்கு? இன்னும் பூஞ்சை பிடிக்கல. வெறும் வாடைதான்."

அடுத்த ஞாயிறு மனைவி ட்ரையரோடு பின்னால் நின்றாள். இரண்டு மணி நேரம், முப்பத்தாறு சடை. கடைசிச் சடையைக் கிள்ளிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "எனக்கு ஒரு நாலு போட்டா நல்லாருக்குமா?"

மெக்கானிக் எழுந்து ட்ரையரைக் கையில் வாங்கிக்கொண்டு, நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.