புஷ்பவள்ளிக்காக நிரப்பிய பாரம்

மூன்றாவது சேலையையும் பக்கத்து வீட்டு மாரியம்மாவிடம் கொடுத்துவிட்டு, புஷ்பவள்ளி சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். வாசலில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த அவள் புருஷன் இராஜமாணிக்கத்துக்கு வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது. புற்றுநோய் என்று மார்பை எடுத்த நாளிலிருந்து நாலு மாதம் சரியாக வாய் திறக்காதவள் அவள். இந்த ஒரு வாரமாகத்தான் வீட்டை ஒழிக்கிறாள், போர்டிக்சனில் இருக்கும் மகளைக் கூப்பிட்டுப் பழைய சண்டைக்கெல்லாம் மன்னிப்புக் கேட்கிறாள். பத்துமலை முருகனுக்கு வேண்டிக்கொண்டது வீண்போகவில்லை என்று மனுஷன் நிம்மதியாக இருந்தார்.

அப்போது போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் நோயாளிகளை மனம்விட்டுப் பேசவைப்பதற்கென்றே இருக்கும் பெண், ஷாமினி.

"அங்கிள், போன மாசம் குடுத்த பாரத்துல எல்லாத்துக்கும் 'இல்ல'ன்னே இருக்கு. கீமோ எடுக்குறவங்க யாரும் இப்படிப் போட மாட்டாங்க. ஆண்ட்டி சொல்லித்தான் போட்டீங்களா?"

அந்தக் கேள்விப் பாரம் மலாயில் இருந்தது. புஷ்பவள்ளிக்கு மலாய் பேசத்தான் வரும், படிக்க வராது. அன்று அவர்தான் வாசித்துக் காட்டினார். செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா என்பது கடைசிக் கேள்வி. அவள் ஜன்னலைப் பார்த்தபடி, "தெனமும்" என்றாள். "வாயை மூடு, பைத்தியக்கார வார்டுல தூக்கிப் போட்டுருவானுங்க" என்று அதட்டிவிட்டு, 'இல்லை'யில் கோடு போட்டார். இருபது வருஷம் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்தவர். ஆட்களுக்குப் பாரம் நிரப்பும்போது, ஆபீஸ் திரும்பிப் பார்க்கும்படி எதையும் எழுதக்கூடாது என்பது அவருக்குக் கைவந்த பாடம்.

"அவதாம்மா சொன்னா. இப்ப நல்லாருக்கா லா. சிரிக்கிறா, சேலையெல்லாம் எடுத்துக் குடுக்கிறா."



"சாமானெல்லாம் குடுக்கிறாங்களா? இப்ப எங்க இருக்காங்க அங்கிள்?"

"உள்ளதான்."

"போனை வச்சிராதீங்க. போய்ப் பாருங்க. இப்பவே."

அந்தக் குரலில் என்னவோ இருந்தது. துணியைப் போட்டுவிட்டு உள்ளே போனார். கூடத்தில் இல்லை. அடுப்படி பளிச்சென்று கழுவியிருந்தது, பாத்திரங்கள் கவிழ்த்து அடுக்கியிருந்தன. பின்கதவு திறந்து கிடந்தது. வெளியே பட்டப்பகலிலும் இருட்டிக் கிடக்கும் செம்பனை மர நிரைகள். ஒரு நிரையின் நடுவே அவள் போய்க்கொண்டிருந்தாள், கைவீசி, பசாருக்குக் காய் வாங்கப் போகிறவள் மாதிரி.



"பொய் சொல்லிட்டேம்மா" என்றார் போனில். "தெனமும்னுதான் சொன்னா. நாந்தான் எழுதல."

"கூப்பிடுங்க அங்கிள். பேர் சொல்லிக் கூப்பிடுங்க. நான் ஆள் அனுப்பச் சொல்றேன்."

நாலு நிரை தாண்டிக் கேட்கும் குரல் அவருக்கு. இப்போது காற்றாகத்தான் வந்தது. "புஷ்பம்..."

அவள் நின்றாள். திரும்பவில்லை.

அவர் செருப்பில்லாமல், காய்ந்த மட்டைகளின் மேல் மெல்ல மெல்ல நடந்தார். ஓடினால் அவளும் ஓடிவிடுவாள் என்று பயமாக இருந்தது.