பிழை யார் பெயரில்

செலீனுக்கும் ரெனால்டுக்கும் நடந்த திருமணம் செல்லாது என்று திருச்சபை நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அத்துடன் எல்லாம் முடிந்தது என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள். கொழும்பு கொட்டாஞ்சேனையில், கோயிலில் கட்டியதைக் கோயிலே அவிழ்த்த பிறகு வேறு யாரிடம் போவது? பதிவாளர் கந்தோரில் விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. சட்டப்படி அவர்கள் இன்னும் கணவன் மனைவிதான். விவாகரத்துக்கு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். இருவருக்கும் சம்மதம் என்று சொன்னாலும் போதாது, ஒருவர்மேல் பிழை இருக்க வேண்டும்.

வெள்ளவத்தைக்கு வக்கீலைப் பார்க்க ஒரே பஸ்ஸில் வந்தார்கள்.

“என்ட பேரிலயே போடு. வீட்டை விட்டுப் போனவன் நான்தானே” என்றார் ரெனால்ட். பிறகு, “ஞாயிற்றுக்கிழமைய மட்டும் எடுத்துப்போடாத, செலீன்” என்றார்.

ஞாயிறு பூசை முடிந்தால் மகள் ரொஷேல் பொழுதுபடும்வரை அப்பாவுடன்தான். மட்டக்குளியில் தன் அண்ணன் வீட்டில் ஒதுங்கியிருக்கும் ரெனால்டுக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் நாள். பிள்ளையையும் தாயையும் கைவிட்டவன் என்று நீதிமன்றம் எழுதிவிட்டால் அந்த நாள் என்னவாகும் என்பது இருவருக்குமே தெரியாது.

செலீன் போனில் பேசி வைத்திருந்த வக்கீல் மயூரியின் அலுவலகம் ஒரு புடவைக்கடைக்கு மேலே இருந்தது. இருவரும் சேர்ந்து உள்ளே வந்ததைப் பார்த்து அவள் சிரித்துவிட்டாள்.

“இஞ்ச வாறவை ஆளையாள் பாக்கவே மாட்டினம். நீங்கள் சோடியா வந்திருக்கிறியள். ஆனா நான் ஒராளுக்குத்தான் லோயர். ஐயா கொஞ்சம் வெளியில இருங்கோ.”

“நான் கீழ போய் ரோல்ஸ் ஏதும் வாங்கிட்டு வாறன், மிஸ்” என்று ரெனால்ட் எழும்பிப் போனார்.

கதவு சாத்தியதும் செலீன் கேட்டாள்: “அவர் பிழைகாரன் எண்டு ஆனா, பிள்ளையப் பாக்க அவருக்கு உரிமை இருக்கா மிஸ்?”

“நீங்கள் என்ட கிளையன்ட். அவற்ற உரிமையைக் கேக்கிறியள்.”

“எனக்குத் தெரிய வேணும்.”

“கலியாணத்தில ஆர் பிழை எண்டது ஒரு கேள்வி. பிள்ளை ஆரோட இருக்கிறது, மற்றவர் எப்ப பாக்கிறது எண்டது வேற கேள்வி. அதில கோட் பாக்கிறது பிள்ளைக்கு எது நல்லது எண்டுதான். கலியாணத்தில பிழை எண்ட ஒண்டுக்காக மட்டும் ஒரு தகப்பனைத் தள்ளி வைக்க மாட்டினம். தாயையும்தான்.”

செலீன் மூச்சு விட்டாள்.

“சரி, இனி உங்கட கதை. அவர் எப்பிடி வீட்டை விட்டுப் போனவர்?”

இரண்டாவது பிள்ளை களுபோவில ஆஸ்பத்திரியில் உயிரில்லாமல் பிறந்தது. வீட்டுக்கு வந்த பிறகு செலீனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் ஒன்றும் செய்யவில்லை, அழக்கூட இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒரு நாள் அவருடைய உடுப்புகளைப் பெட்டியில் அடுக்கி வாசலில் வைத்தாள்.

“திரும்பி வந்தவரோ?”

“வந்தவர். எத்தனையோ தரம். நான்தான் கதவு திறக்கயில்ல.”

மயூரி பேனையை மேசையில் வைத்தாள். “அப்ப அவர் உங்களைக் கைவிட்டவர் எண்டு நான் எழுதேலாது. பேசி வைச்சுப் பொய் சொன்னா வழக்கே நிக்காது. வீட்டை விட்டுப் போனவர்தான் கைவிட்டவர் எண்டில்லை, அக்கா. காரணமில்லாமல் ஒராளை வெளியில விட்டுக் கதவைப் பூட்டினவரும் கைவிட்டவர்தான்.”

“அப்ப பிழை என்ட பேரிலயா?”

“அவர் வழக்குப் போட்டா. உங்களுக்கு எண்டு பராமரிப்புக் கேக்கிறது கஷ்டமாகலாம். பிள்ளைக்குரிய காசுக்கு ஒண்டும் ஆகாது. அவசரப்படாதேங்கோ, யோசியுங்கோ.”

செலீன் வேலைக்குப் போகிறவள். யோசிக்க அவளுக்கு அதிகம் இருக்கவில்லை.

படியில் ரெனால்ட் எண்ணெய் ஊறிய கடதாசிப் பையுடன் நின்றார். “எங்க சைன் வைக்க?”

“நீங்கதான் கேஸ் போடவேணும். என்ட பேரில.”

“உனக்கென்ன விசரா? கோட்டில நிண்டு நான் உன்னைப் பிழை சொல்றதா?”

“பிழை சொல்ல வேணாம். நடந்ததைச் சொல்லுங்க. நீங்க வந்ததை, நான் திறக்காததை.”

கீழே கடையில் யாரோ சிங்களத்தில் விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

“பிள்ளை பெரிசாகிக் கேட்டா?” என்றார் ரெனால்ட்.

“அப்பா கதவைத் தட்டினவர் எண்டு சொல்லுவன். அது அவளுக்குத் தெரியத்தானே வேணும்.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. இந்தத் தடவை அவள் பக்கத்திலேயே நின்றாள்.

“உங்களுக்கு வேற லோயர் பாக்கவேணும். நல்ல ஆளாப் பாருங்க” என்றாள்.

“உனக்கு எதிரா நல்ல ஆளா?”

“ஓம். கெட்டிக்கார ஆளா.”

ரெனால்ட் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தார். பிறகு, கெட்டிக்கார வக்கீல் யாராவது தெரியுமா என்று மயூரியிடமே கேட்க இருவரும் மறுபடி படியேறினார்கள்.