ஸ்லைடின் ஓரத்தில் ஒரு பூனை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்தது அல்ல. என் அக்காவின் அலமாரியை ஒழிக்கப் போன இடத்தில் கிடைத்தது. அவள் கால்நடை மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்தில் முப்பத்துமூன்று வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அடித்தட்டில் அவள் யாரையும் தொடவிடாத ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. திறந்தால் மடித்து வைத்த வெள்ளைக் கோட்டு. கோட்டுப் பைக்குள் பஞ்சில் சுற்றிய ஒரு கண்ணாடி ஸ்லைடு.

“என்னக்கா இது?”

“பூனை,” என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். சொல்லி முடித்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “ஊர்ல இருக்கிறவன் கதையெல்லாம் எழுதுறியே, இதையும் எழுது. எழுதி என் கையில குடு. கொண்டுபோய்க் குடுக்க வேண்டிய ஆள் ஒருத்தங்க இருக்காங்க. நேர்ல போனா எனக்கு வாய் வராது. இருபத்தாறு வருஷமா வரல,” என்றாள்.

2

தொடக்கம் ஒன்று: “அந்த வெள்ளிக்கிழமை வானம் கறுத்துக்கொண்டு...” (அடித்தாயிற்று. வானத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.)

தொடக்கம் இரண்டு: “மரணம் சில வேளைகளில் ஓர் எண்ணாக...” (அக்கா படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அடித்தாயிற்று.)

தொடக்கம் மூன்று: “இரத்தத்தில் தட்டணு, அதாவது பிளேட்லெட், என்று ஒன்று உண்டு. எங்கே கிழிந்தாலும் முதலில் ஓடிப்போய் ஒன்றோடொன்று ஒட்டி ஓட்டையை அடைப்பது அதன் வேலை. எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டால் கத்தி வைக்க முடியாது. வைத்தால் இரத்தம் நிற்காது. இதில் பூனையின் தட்டணு பெரியது, சட்டென்று உணர்ச்சிவசப்படுவது. ஊசி குத்தி இரத்தம் எடுக்கையில் கொஞ்சம் தாமதமானாலும் போதும், குழாய்க்குள்ளேயே கும்பல் கும்பலாக ஒட்டிக்கொள்ளும்.”

“பாடப்புத்தகம் மாதிரி இருக்கு,” என்றாள் அக்கா. “ஆனா தப்பு ஒண்ணும் இல்ல. வச்சுக்கோ.”

வைத்துக்கொண்டேன்.

3

அந்த ஆய்வகத்தை எனக்கும் தெரியும். கல்லூரி விட்டதும் அக்காவுக்குச் சாப்பாடு கொண்டு போவேன். வாசல் கூடத்தில் நனைந்த நாய் வாடை. உள்ளே சாயமும் ஸ்பிரிட்டும் கலந்த வாடை. அந்த வாடை இன்றைக்கு எங்காவது அடித்தாலும் எனக்குப் பசியெடுக்கிறது. ஜன்னலோரம் அக்காவின் நுண்ணோக்கி. பக்கத்தில் அணுக்களை எண்ணுகிற பொத்தான் பெட்டி. அக்கா கண்ணை எடுக்காமல் அதைத் தட்டிக்கொண்டே, “டிஃபன்ல என்ன?” என்று கேட்பாள். பதில் சொன்னால் எண்ணிக்கை தவறும், சொல்லாவிட்டால் கோபம் வரும்.

பிறகு எண்ணும் இயந்திரம் வந்தது. அதற்குத் தனி அறை, தனிக் குளிர்சாதனம். பெரிய டாக்டர்கூட அந்த அறைக்குள் குரலைத் தாழ்த்திப் பேசுவார். அக்கா அதற்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்தாள். “மாப்பிள்ளைக்கு இன்னைக்கு மூடு சரியில்ல, மூணு தடவை பீப் அடிச்சிட்டாரு,” என்பாள்.

மாப்பிள்ளைக்குப் பூனை விஷயத்தில் ஒரு குறை உண்டு. நூறு தட்டணு ஒட்டிக் கும்பலாக வந்தால் அதைத் தட்டணுக் கணக்கிலேயே சேர்க்கமாட்டார். ஆகவே அந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு சொட்டு இரத்தத்தை ஸ்லைடில் வைத்து, இன்னொரு கண்ணாடியால் இழுத்து, சாயமேற்றிப் பார்ப்பார்கள். இழுப்பு மெலிந்து முடிகிற ஓரத்தில்தான் கும்பல்கள் போய் ஒதுங்கும். அந்த ஓரத்தைப் பார்த்த பிறகே பூனையின் அறிக்கை வெளியே போக வேண்டும். அதற்கென்று படிவத்தின் அடியில் ஒரு கட்டம்: ‘ஓரம் பார்க்கப்பட்டது’. அதில் பார்த்தவரின் சுருக்கக் கையெழுத்து.*

* அந்தக் கட்டத்தைப் போடவைத்ததே அக்காதான். இதை அவள் சொல்லவில்லை. அவளோடு வேலை பார்த்தவர் ஒருவர் சொன்னார்.

4

இனி பூனைக்கு வருகிறேன்.

மருத்துவமனைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு தையல் கடை. தையல்காரரை நாங்கள் அண்ணன் என்போம், அவர் மனைவியை அண்ணி என்போம். அண்ணியின் சாம்பல் நிறப் பூனை வெட்டுத்துணிக் கூடையில் படுத்துக்கொண்டு வருகிறவர்களை மேற்பார்வை பார்க்கும். அதனால் அதற்கு ‘மேனேஜர்’ என்று பெயர். (இங்கே பூனையின் கண்ணைப் பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தேன். “எல்லாப் பூனைக்கும் கண்ணு இருக்கு,” என்றாள் அக்கா.)

அண்ணிக்குக் கைவைத்தியத்தில் ஒரு தனி ஆசை. தெருவில் யாருக்கு இருமல், சுளுக்கு என்றாலும் அண்ணிதான். மேனேஜர் வயிறு உப்பியிருப்பதைப் பார்த்துவிட்டு, கடையில் வயிற்றுப் பூச்சிக்கான மருந்து வாங்கி ஒரு மூடி ஊற்றிவிட்டார். ஒரு வாரம் கழித்துச் சாப்பாடு நின்றது. அந்த வெள்ளிக்கிழமை கூடையோடு தூக்கிக்கொண்டு இருவரும் மருத்துவமனைக்கு வந்தார்கள்.

பெரிய டாக்டர் தொட்டுப் பார்த்ததும் சொல்லிவிட்டார்: கர்ப்பப்பை முழுக்கச் சீழ், இன்றைக்கே அறுத்து எடுக்க வேண்டும். இரத்தம் மட்டும் பார்த்துவிடலாம் என்றார். மேனேஜர் சும்மா கொடுக்குமா? மூன்று இடத்தில் குத்தி, சொட்டுச் சொட்டாக எடுத்தார்கள்.

மாப்பிள்ளை எண்ணினார். தட்டணு மூன்று லட்சம் இருக்க வேண்டிய இடத்தில் பதினான்காயிரம்.

5

இந்தப் பகுதியை நான் ஏழு தடவை எழுதினேன். ஏழாவதில்தான் அக்கா வேறு வழியில்லாமல் ஒரு விஷயத்தைச் சொன்னாள். முதல் தடவை அதை மறைத்திருந்தாள்.

ஸ்லைடை இழுத்தாள், சாயமேற்றினாள், காய வைத்தாள். மணி மூன்றேகால். படிவத்தை எடுத்து எண்ணை எழுதினாள். தினமும் பத்துத் தடவை போடுகிற கையெழுத்து, கை தன்பாட்டுக்குக் கட்டத்தில் போட்டுவிட்டது. ஸ்லைடு காயப்போட்ட தாங்கியிலேயே இருந்தது. அவள் ஓரத்தைப் பார்க்கவில்லை.

“ஏன்க்கா? அப்படி என்ன அவசரம்?”

அக்கா கோட்டை மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

“எழுதணும்னா தெரியணும்ல?”

“நாலு மணிக்கு ரேடியோல உன் கதைடா,” என்றாள்.

அது என் முதல் கதை. பத்து நிமிடம் வாசித்தார்கள். அக்கா ஓட்டமும் நடையுமாக வந்து, செருப்பைக் கழற்றக்கூட மறந்து வானொலி முன்னால் உட்கார்ந்ததும், என் பெயரைச் சொன்னதும் என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்ததும் எனக்கு நேற்று மாதிரி இருக்கிறது. என் வாழ்க்கையில் எனக்குப் பிடித்த சாயங்காலம் எது என்று யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லிவந்தேன். அந்தக் கதையின் முதல் வரி இப்போது எனக்கு நினைவில்லை.

(இந்த இடத்தில் இரண்டு நாள் எழுதவில்லை.)

6

கட்டத்தில் அக்காவின் கையெழுத்து இருந்ததால் பெரிய டாக்டர் சந்தேகப்படவில்லை. அவள் கையெழுத்தை யாரும் சந்தேகப்பட்டதில்லை. “இந்த நிலைமையில கத்தி வெச்சா டேபிள்லயே போயிடும். மருந்து குடுத்து எண்ணிக்கைய ஏத்திக்கிட்டு திங்கட்கிழமை பண்ணலாம்,” என்றார். பிறகு வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்: “வீட்ல ஏதாவது மருந்து குடுத்தீங்களா?”

அண்ணி பூச்சி மருந்தைச் சொன்னார்.

“அதனாலகூட குறைஞ்சிருக்கலாம். சொல்ல முடியாது,” என்றார் டாக்டர். அந்த எண்ணை வைத்துக்கொண்டு யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

திங்கள் காலை அக்கா தாங்கியில் அந்த ஸ்லைடைப் பார்த்தாள். நுண்ணோக்கியில் வைத்து ஓரத்துக்கு நகர்த்தினாள். கும்பல் கும்பலாக, குவித்துக் கொட்டின மாதிரி தட்டணுக்கள் இருந்தன. “எண்ணவே வேண்டாம்டா. தாராளமா இருந்துச்சு. வெள்ளிக்கிழமையே அறுத்திருக்கலாம்,” என்றாள்.

ஸ்லைடைப் பஞ்சில் சுற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, கோட்டோடு ஓடினாள். கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. கூடை காலியாக இருந்தது. மேனேஜர் ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டிருந்தது.

உள்ளே அண்ணனின் குரல் கேட்டது: “உன் கைதான். உன் கைவைத்தியம்தான் அதைக் கொன்னுச்சு.”

அண்ணி நிமிர்ந்து பார்த்து, “வாம்மா. என்ன வேணும்?” என்றார்.

சொல்வதற்குத்தான் அக்கா போனாள். ஆனால் கோட்டின் இரண்டாவது பொத்தானைத் திருகிப் பிய்த்து நீட்டினாள். “பொத்தான் விழுந்துடுச்சு அண்ணி. தெச்சுத் தரீங்களா?”

அண்ணி தைத்துக் கொடுத்தார். வெள்ளை நூல் எதிரிலேயே இருந்தது. கண் தெரியவில்லையோ என்னவோ, பச்சை நூலில் தைத்தார்.

7

கதையில் ஒரு சந்தேகம்: ஒரு வேளை பூனையை அறுத்திருந்தாலும் அது செத்திருக்குமோ? கேட்டேன்.

“செத்திருக்கலாம். பிழைச்சிருக்கலாம். அது எனக்குத் தெரியாது. ஆனா மருந்தால பிளேட்லெட் குறையவே இல்லங்கிறது தெரியும். அது ஒண்ணு தெரியும்ல? அதை நான் சொல்லல.”

அதற்குப் பிறகு அண்ணி பூனை வளர்க்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை. பேத்திக்கு இருமல் என்றால்கூட ஒரு கரண்டி மருந்து ஊற்ற மாட்டாராம். “என் கை வேண்டாம்,” என்று பாட்டிலை மருமகளிடம் நீட்டிவிடுவாராம். இதைப் போன மாதம் தெருவில் யாரோ சிரித்துக்கொண்டே சொல்ல, அன்றைக்குத்தான் அக்கா அலமாரியை ஒழிக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறாள்.

8

முடிவு அ: அக்கா சொல்கிறாள், அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு... (“சினிமா,” என்றாள் அக்கா.)

முடிவு ஆ: அண்ணி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, “இருபத்தாறு வருஷமா என்னடி பண்ணிக்கிட்டிருந்தே?” என்று... (“இதைக் கேட்டா நியாயம்தான்,” என்றாள். இருந்தாலும் அடித்தாள்.)

முடிவு இ: அக்கா போவதற்குள் அண்ணி இறந்துபோகிறார். எழுதுவதற்கு இதுதான் சுலபம். நன்றாகவும் வந்திருந்தது. அக்கா காகிதத்தை என் மேலேயே விட்டெறிந்தாள்.

“உசுரோட நல்லா இருக்கிற பொம்பளைய எதுக்குடா சாகடிக்கிற? உனக்குக் கதை முடியணும்கிறதுக்காகவா?”

“அப்ப எப்படித்தான் முடிக்கிறது?”

“நீ முடிக்காத. அந்த வெள்ளிக்கிழமை நான் அவசரமா ஒண்ணை முடிச்சேன்ல, போதும்.”

9

ஆகவே முடிக்கவில்லை. இதுவரை ‘வாசகர்’ என்று யாரையோ மனத்தில் வைத்து எழுதினேன். இப்போது திருத்திக்கொள்கிறேன்.

அண்ணி, இது உங்கள் கைக்கு வரும்போது கூடவே ஒரு வெள்ளைக் கோட்டும் வரும். இரண்டாவது பொத்தானைப் பாருங்கள், பச்சை நூல் அப்படியே இருக்கிறது. பையில் ஸ்லைடு இருக்கிறது. வெறும் கண்ணுக்கு ஊதாக் கறை மட்டும்தான் தெரியும். அதன் ஓரத்தில் இருப்பதைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். நீங்கள் ஊற்றிய மருந்தால் அந்த எண்ணிக்கை குறையவில்லை. குறைந்ததாகச் சொன்னது தவறு. பார்க்காமல் கையெழுத்துப் போட்டது என் அக்கா. அவள் ஓடிவந்தது என் கதையைக் கேட்க. உங்கள் கை ஒன்றும் செய்யவில்லை, அண்ணி.

அண்ணனுக்குக் காது மந்தமாகிவிட்டது என்றார்கள். இந்தப் பகுதியை மட்டும் கொஞ்சம் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

அக்கா காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள் என்று நினைத்திருப்பீர்கள். போகவில்லை. நீங்கள் படித்து முடிக்கட்டும் என்று கடைக்கு வெளியே, ஷட்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். கூப்பிடுவதா வேண்டாமா என்பதை நான் எழுத மாட்டேன்.